விரதம் முடிந்த மறுநாள்

குடியை நிறுத்தியவர் நிறுத்தியபடியே இருக்கக் கொக்குவிலுக்கு வேண்டியது, வாராவாரம் கூடும் ஓர் அறை

குடியை நிறுத்தவே முடியாது என்று யாழ்ப்பாணத்தில் யாரும் சொல்ல இயலாது. நல்லூரில் கொடியேறினால் தீர்த்தம் வரை 25 நாளும் சாராயத்தைத் தொடாமல் இருக்கிறவர்கள் கொக்குவிலின் ஒழுங்கைகள் எங்கும் இருக்கிறார்கள். கந்தசஷ்டிக்கு ஆறு நாள், ஐயப்பனுக்கு மாலை போட்டால் ஒரு மண்டலம். ஆண்டு முழுவதும் பின்னேரமானால் தவறணையிலோ பாரிலோ நிற்கிற மனிதர், அந்த நாட்களில் குளித்துத் திருநீறு பூசிக் கோயில் வீதியில் நிற்கிறார். பூங்காவனமும் முடிந்து பந்தல் பிரிக்கும்போது அவரும் பழைய இடத்துக்குத் திரும்பிவிடுகிறார். 'இவன் திருந்தமாட்டான்' என்று ஊர் தீர்ப்பு எழுதுகிறது. 25 நாள் குடிக்காமல் இருந்தவரை 26ஆம் நாள் கைவிட்டது எது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

அந்த 25 நாளும் அவரைத் தாங்கியவற்றை எண்ணிப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். வீட்டில் மச்சம் சமைப்பதில்லை. மனைவியும் விரதம், அயலும் விரதம். பின்னேரம் போவதற்கு ஓரிடம் இருக்கிறது. அங்கே தெரிந்த முகங்கள் இருக்கின்றன. கூடக் குடிக்கிற கூட்டாளியே வேட்டி கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறார். 'ஒண்டு எடன்' என்று கிளாசை நீட்ட ஆள் இல்லை. ஒரு நாளைக் கடந்தால் அது ஒரு நாளாக எண்ணப்படுகிறது. முடித்தவருக்கு மதிப்பும் இருக்கிறது. இவ்வளவும் சேர்ந்துதான் அவரை நிறுத்திவைத்தன. மனவுறுதி அதில் ஒரு பங்கு மட்டுமே. திருவிழா முடிந்தவுடன் அந்தத் துணைகள் எல்லாம் ஒன்றாகக் கலைந்துபோகின்றன. மனவுறுதி மட்டும் தனித்து நிற்கிறது. தனித்து நிற்கும் மனவுறுதி எத்தனை பின்னேரம் தாங்கும்? குடிநோயிலிருந்து மீள்பவர்களுக்கான ஆதரவுக் குழுக் கூட்டம் என்பது, கலையாத அந்தத் துணையைத்தான் தர முயல்கிறது. அப்படியொரு கூட்டம் நடந்துவர ஒவ்வொரு ஊரும் இடம் கொடுக்க வேண்டும் என்பதும், கொக்குவில் அதற்கு எல்லா வகையிலும் பொருத்தமான ஊர் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதலில் உடம்பு

கூட்டத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், உயிரோடு சம்பந்தப்பட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். விரதத்துக்கு நிறுத்தக் கூடியவர்கள் எல்லோருடைய உடம்பும் ஒன்றல்ல. காலையில் கண் விழித்ததும் குடித்தால்தான் கைநடுக்கம் நிற்கும் என்ற நிலைக்கு வந்தவர், வீட்டில் தானாகத் திடீரென நிறுத்துவது ஆபத்து. கடைசியாகக் குடித்து ஆறு, எட்டு மணித்தியாலத்தில் கை நடுங்கத் தொடங்கும், வியர்க்கும், வயிற்றைப் பிரட்டும், நித்திரை வராது. இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள் வரையான காலத்தில் சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரியும், இடமும் நேரமும் குழம்பும், இதயம் படபடக்கும். கவனியாது விட்டால் மரணம்கூட நேரலாம். 'பேய் பிடித்துவிட்டது' என்று வீட்டுக்காரர் நூல் கட்ட அலைவது பல வேளைகளில் இந்த நிலையில்தான். இவருக்கு வேண்டியது ஆஸ்பத்திரிக் கட்டில். நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மாத்திரைகளும், தயமின் எனப்படும் பி1 உயிர்ச்சத்தும் கொடுத்து, ஒரு வாரமளவில் உடம்பை மதுசாரம் இல்லாமல் இயங்கப் பழக்க வைத்தியர்களால் முடியும். யாழ் போதனா வைத்தியசாலை கொக்குவிலிலிருந்து சைக்கிள் தூரம். இதைக் கூட்டத்தால் செய்ய முடியாது. செய்ய முயலவும் கூடாது.

ஆனால் வைத்தியசாலையால் செய்ய முடியாத ஒன்றும் இருக்கிறது. அது துண்டு எழுதி வீட்டுக்கு அனுப்பிய பிறகு தொடங்குகிறது. உடம்பு சுத்தமாகிவிட்டது, ஆனால் அதே வீடு, அதே கடன், அதே சந்தி, அதே கூட்டாளிகள். சம்பள நாள் வருகிறது. ஒரு கலியாணவீடு வருகிறது. அடுத்து ஒரு செத்தவீடு வருகிறது. இரண்டிலும் பின்வளவில் போத்தல் உடைகிறது. குடிநோய் நீரிழிவைப் போல நெடுங்கால நோய். ஒரு வாரம் வார்ட்டில் வைத்துச் சீனியைக் குறைத்து அனுப்பிவிட்டு, கிளினிக்கே வேண்டாம் என்று எந்த வைத்தியரும் சொல்வதில்லை. குடிநோயாளி விடயத்தில் மட்டும் பத்து நாள் சிகிச்சையோடு எல்லாம் முடிந்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். முடியாதபோது நோயாளியைக் குற்றம் சொல்கிறோம்.

கூட்டத்தில் என்ன நடக்கிறது

இந்தக் கூட்டங்களின் தொடக்கமே ஒரு தேடலில்தான் இருக்கிறது. 1935 மே மாதம், நியூயோர்க்கைச் சேர்ந்த பில் வில்சன் என்ற பங்குச்சந்தைக்காரர், ஒகையோ மாநிலத்தின் அக்ரன் நகரத்துக்குப் போன வியாபாரம் கைகூடாமல் ஒரு ஹோட்டல் முகப்பில் நின்றார். அவர் குடியை விட்டு ஐந்து மாதமே ஆகியிருந்தது. ஒரு பக்கம் பார், மறுபக்கம் தொலைபேசி. தேவாலயப் பட்டியலில் இருந்த எண்களை ஒவ்வொன்றாக அழைத்து, தன்னைப் போலக் குடியோடு போராடும் ஒருவரைத் தெரியுமா என்று கேட்டார். அப்படிக் கிடைத்தவர் பொப் ஸ்மித் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர். இருவரும் மணிக்கணக்காகப் பேசினார்கள். பொப் கடைசியாகக் குடித்த நாளான 1935 ஜூன் 10, அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ் (ஏ.ஏ.) அமைப்பின் பிறந்தநாளாகக் கொள்ளப்படுகிறது. பில் அன்று பொப்பைக் காப்பாற்றப் போகவில்லை. தான் குடிக்காமல் இருப்பதற்கே இன்னொரு குடிநோயாளியைத் தேடினார். உதவுகிறவரும் உதவி பெறுகிறார் என்ற இந்த உண்மையின் மேல்தான், இன்று ஏறத்தாழ 180 நாடுகளில் கூடுகிற ஏ.ஏ. குழுக்கள் நிற்கின்றன.

கூட்டம் என்றதும் மேடை, தலைவர் உரை, நன்றியுரை என்று நினைக்க வேண்டாம். ஓர் அறை, பத்துப் பன்னிரண்டு கதிரை, ஒரு மேசை, பெரும்பாலும் தேத்தண்ணீர். நேரம் ஒரு மணித்தியாலம், கூடினால் ஒன்றரை. அன்றைக்கு நடத்துகிறவர் அமைப்பின் முகவுரையை வாசிக்கிறார். பிறகு ஒருவர் எழுந்தோ இருந்தபடியோ தன் பெயரைச் சொல்லி, தான் ஒரு குடிநோயாளி என்று சொல்லித் தொடங்குகிறார். எப்படிக் குடித்தார், என்ன இழந்தார், எப்படி நிறுத்தினார், இந்த வாரம் எந்த நேரம் கை துடித்தது, அந்த நேரம் என்ன செய்தார். அவர் பேசும்போது குறுக்கே யாரும் பேசுவதில்லை. புத்தி சொல்வதில்லை, கண்டிப்பதில்லை, வாதாடுவதில்லை. அவர் முடித்ததும் அடுத்தவர். பேச விருப்பமில்லாதவர் பெயரை மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கலாம். முதல் 24 மணித்தியாலம், முதல் மாதம், முதல் வருடம் கடந்தவர்களுக்குச் சில இடங்களில் சிறிய வில்லை ஒன்று கொடுத்துக் கைதட்டுகிறார்கள். இன்று ஒருநாள் குடிக்காமல் இருப்பது மட்டுமே அவர்களுடைய கணக்கு. நாளைக்கான சத்தியம் கேட்பதில்லை. பழைய அங்கத்தவர் ஒருவர் புதியவருக்கு வழித்துணையாகிறார். இரவு பதினொரு மணிக்கு ஆசை எழுந்தால் தொலைபேசி எடுப்பது அவருக்குத்தான். அங்கத்துவப் பணம் கிடையாது. விரும்பியவர் தட்டில் போடுவதைக் கொண்டே அறை வாடகையும் தேத்தண்ணீரும் நடக்கின்றன. சேர்வதற்கு ஒரேயொரு தகுதி, குடியை விடவேண்டும் என்ற விருப்பம். விழுந்து திரும்பி வருகிறவரை வெளியே போகச் சொல்லும் விதியும் இல்லை.

'வெறும் வாய்ப்பேச்சு'

கதைத்தால் நோய் மாறுமா என்பது நியாயமான சந்தேகம். ஏ.ஏ.க்குச் சான்று இல்லை என்று ஆய்வாளர்களே நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் 2006ஆம் ஆண்டு மீளாய்வு அதன் பயன் உறுதிப்படவில்லை என்றே முடித்தது. பின்னர் நல்ல ஆய்வுகள் சேர்ந்தன. 2020இல் ஜோன் கெலி, கீத் ஹம்ப்ரிஸ், மரிக்கா ஃபெரி மூவரும் வெளியிட்ட புதிய கொக்ரேன் மீளாய்வு, 10,565 பேரைக் கொண்ட 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. நோயாளியை முறையாக ஏ.ஏ. கூட்டங்களுக்கு வழிப்படுத்தும் சிகிச்சையைப் பெற்றவர்களில் 42 வீதமானோர் ஓராண்டு முடிவில் முழுமையாகக் குடியிலிருந்து விலகியிருந்தார்கள். நடத்தைச் சிகிச்சை போன்ற வேறு முறைகளில் அது 35 வீதம். 42 வீதம் என்றால் மிச்சம் 58 வீதம் தோல்விதானே என்று கேட்கலாம். ஆனால் பயிற்சி பெற்ற நிபுணர்கள் தரும் சிகிச்சையோடு ஒப்பிட்டே இந்த எண் கூடுதலாக நிற்கிறது. மேலும் 'முறையாக வழிப்படுத்தும்' என்ற சொற்களைக் கவனிக்க வேண்டும். 'கூட்டம் ஒன்று இருக்கிறதாம், போய்ப் பாரும்' என்று சொல்லிவிடுவது அதற்குள் அடங்காது. எந்த நாள், எந்த இடம், யாரோடு போவது என்று கிளினிக்கில் இருக்கும்போதே பேசி ஒழுங்கு செய்வதுதான் அது.

ஏன் இது வேலை செய்கிறது என்பதற்கும் விடை கிடைத்திருக்கிறது. அமெரிக்காவில் 1,726 நோயாளிகளோடு நடந்த 'புரொஜெக்ட் மட்ச்' என்ற பெரிய ஆய்வின் தரவுகளை ஆராய்ந்தபோது, கூட்டங்களுக்குப் போனவர்கள் மீண்டதற்கான முக்கிய காரணங்களில் ஒன்று அவர்களுடைய சிநேகித வட்டம் மாறியது என்று தெரிந்தது. குடிக்கிற கூட்டாளிகள் குறைந்தார்கள். குடியாத கூட்டாளிகள் கூடினார்கள். சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் குடிக்கிறவர்களாக இருந்த நோயாளிகளுக்கே ஏ.ஏ. வழி மூன்றாண்டு முடிவில் கூடிய பயன் தந்தது என்பதும் அதே ஆய்வின் முடிவு. கொக்குவிலுக்கு இதன் பொருள் வெளிப்படையானது. இலங்கையின் ஆண்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் குடிக்கிறவர்கள் என்று 2015இன் தேசிய அளவீடு காட்டியது. ஆண்கள் கூடுகிற இடமெல்லாம் போத்தலும் கூடுகிற ஒரு சமூகத்தில், குடியாத கூட்டாளிகள் தாமாக அமைந்துவிட மாட்டார்கள். அவர்கள் கிடைக்கிற ஓரிடத்தை உண்டாக்கத்தான் வேண்டும்.

இது வெள்ளைக்காரருக்கு ஒத்துவரும், எங்களுக்கு வராது என்பவர்களுக்குத் தமிழ்நாட்டைக் காட்டலாம். கணவர் ரங்கநாதனைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். மருத்துவமனையோடு நின்றுவிடாமல் அந்த நிறுவனம் திருவாரூர்ப் பக்கத்து மஞ்சக்குடி போன்ற கிராமங்களுக்கே போய், ஊரவர் ஆதரவோடு சிகிச்சை முகாம் நடத்தியது. நோயாளியை நகரத்துக்குக் கூட்டிவராமல் ஊருக்குள்ளேயே, குடும்பத்தையும் சேர்த்து வைத்து மீட்க முடியும் என்று அது காட்டியது. தமிழ் பேசுகிற ஏ.ஏ. குழுக்களும் தமிழ்நாட்டில் பல ஊர்களில் கூடுகின்றன. கோவாவில் நடந்து 2017இல் லான்செட் இதழில் வெளிவந்த ஆய்வு இன்னொன்று. தீங்கு தரும் அளவில் குடித்த ஆண்களுக்கு, வைத்தியரல்லாத சாதாரண ஊர்வாசிகள் பயிற்சி பெற்றுச் சில அமர்வுகள் ஆலோசனை சொன்னார்கள். மூன்று மாத முடிவில் அவர்களில் 42 வீதமானோர் குடியாமல் இருந்தார்கள். வழமையான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 18 வீதம். கடும் குடிநோயாளிகளை அந்த ஆய்வு சேர்க்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் சரியான முறையில் பக்கத்தில் இருக்கக் கற்ற சாதாரண மனிதரின் பேச்சுக்குப் பலன் உண்டு என்பதை அது நிறுவியது.

'ஊர் அறிந்துவிடும்'

எல்லா மறுப்புகளிலும் கனமானது இதுதான். அமெரிக்க நகரத்தில் பெயர் மறைத்து ஓர் அறைக்குள் போகலாம். கொக்குவிலில் பிரதான வீதியைக் கடக்க முன்னமே 'எங்கை போறியள்?' என்று மூன்று பேர் கேட்பார்கள். பெயரைச் சொல்லாவிட்டாலும் இன்னாருடைய மகன், இன்ன ஒழுங்கை என்று எல்லோருக்கும் தெரியும். மகளுக்குக் கலியாணம் பேசுகிற வீட்டில் தகப்பன் இந்தக் கூட்டத்துக்குப் போகிறார் என்று தெரிந்தால் என்னாகும் என்ற பயத்தை அற்பமாக ஒதுக்க முடியாது. ஆனால் ஒன்றை நேர்மையாகக் கேட்க வேண்டும். அவர் குடிப்பது ஊருக்குத் தெரியாதா? சந்தியில் விழுந்து கிடந்ததைக் கண்டவர்கள், இரவில் வீட்டிலிருந்து வரும் சத்தத்தைக் கேட்டவர்கள், பிள்ளையின் பள்ளிக்கூடக் காசு எங்கே போனது என்று அறிந்தவர்கள் அயலிலேயே இருக்கிறார்கள். குடிப்பதை மறைக்க முடியாத ஊரில், குடியை விடுவதற்கு எடுக்கும் முயற்சியை மறைக்கத்தான் இவ்வளவு பாடு. இந்த வெட்கத்தைச் சுமக்க வேண்டியவர் அவரல்லர்.

இருந்தும் விரும்பியவருக்கு மறைவு கிடைக்க வழி உண்டு. தன் ஊரில் போகக் கூசுகிறவர் அடுத்த ஊரில் போகலாம்; கொக்குவில்காரர் மானிப்பாய்க்கும் மானிப்பாய்க்காரர் கொக்குவிலுக்கும் சைக்கிளில் போய்வரும் தூரம்தான். கொரோனா முடக்கக் காலத்தில் உலகெங்கும் கூட்டங்கள் சூம் வழியே நடக்கப் பழகிவிட்டன. முகம் காட்டாமல் கைத்தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருக்கவும் முடியும். கூட்டத்தில் கேட்டதை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது இக்குழுக்கள் உயிராகக் காக்கும் விதி. ஊர் சிறியது என்பதில் ஒரு நன்மையும் இருக்கிறது. இரண்டு வாரம் வராதவரைத் தேடிப் படலையைத் தட்ட ஆள் இருப்பது இப்படியான ஊரில்தான்.

இங்கே சாதியைப் பேசாமல் போனால் கட்டுரை பொய்யாகிவிடும். எங்கள் ஊர்களில் எந்தக் கோயில், எந்தச் சனசமூக நிலையம் யாருடையது என்ற எழுதாத கணக்கு இன்னும் இருக்கிறது. கூட்டத்துக்கு இடம் தெரிவு செய்யும்போதே இந்தக் கணக்கில் பாதிப் பேர் வெளியே நின்றுவிடக்கூடும். ஆகவே இடம் யாரும் தயக்கமின்றி நுழையக்கூடியதாக இருக்க வேண்டும். அறைக்குள் ஒரே தகுதிதான் என்ற விதி கதிரை போடுவதிலிருந்து தேத்தண்ணீர் கிளாஸ் வரை நடைமுறையில் தெரிய வேண்டும். ஒருவர் தன் தோல்வியைச் சொல்ல இன்னொருவர் அதில் தன்னைக் காண்கிற அறையில் அந்தக் கணக்கு நிலைப்பது கடினம். அதற்காகவேனும் இந்தக் கூட்டங்கள் வேண்டும்.

கடவுள், போர், பார்

ஏ.ஏ. மீட்சிக்கு வகுத்த பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறார்; அதன் வேர் அமெரிக்கப் புரட்டஸ்தாந்தச் சூழலில் இருக்கிறது. சைவக் குடும்பங்கள் சில, இது மதம் மாற்றும் வேலையோ என்று ஐயப்படுவது அதனால்தான். ஆனால் அந்தப் படிகள் கடவுளை அவரவர் விளங்கிக்கொண்டபடி என்றே குறிப்பிடுகின்றன. கொக்குவில் மஞ்சவனப்பதிக் கோயில் முருகனை நினைப்பவர் முருகனை நினைக்கலாம்; நம்பிக்கை இல்லாதவர் அறையிலுள்ள கூட்டத்தையே தன்னிலும் பெரிய சக்தியாகக் கொள்ளலாம். எந்தச் சபையோடும் கட்சியோடும் இணையக் கூடாது என்பதும் அவர்களுடைய மரபுகளில் ஒன்று. அதுவும் ஒத்துவராதவர்களுக்கு, கடவுள் பேச்சே இல்லாமல் நடத்தை உளவியலை அடிப்படையாகக் கொண்ட ஸ்மார்ட் ரிக்கவரி போன்ற குழுமுறைகள் 1994 முதல் இருக்கின்றன. எந்தப் பெயரில் கூடுகிறார்கள் என்பதை விட, தொடர்ந்து கூடுகிறார்களா என்பதே பெரிது.

போர்தான் குடிக்குக் காரணம், அந்தக் காயம் ஆறாமல் கூட்டம் என்ன செய்யும் என்பது அடுத்த மறுப்பு. காயம் உண்மை. 1987 ஒக்ரோபரில் பிரம்படியிலும் கொக்குவில் இந்துக் கல்லூரி அகதி முகாமிலும் சனம் செத்ததை இந்த ஊர் மறக்கவில்லை. 1995 இடப்பெயர்வையும் மறக்கவில்லை. போர் முடிந்த 2009இல் யாழ் மாவட்டத்தில் நடத்தப்பட்டு இரண்டாண்டு கழித்து அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஜாமா இதழில் வெளியான ஆய்வில், பெரியவர்களில் 22.2 வீதமானோரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும் 32.6 வீதமானோரிடம் பதற்றத்தின் அறிகுறிகளும் காணப்பட்டன. வடகிழக்கில் 296 தமிழ் மாணவர்களிடம் நடத்தப்பட்டு 2008இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, போர் அனுபவமும் தகப்பனின் குடியும் வீட்டு வன்முறையோடு தொடர்புபட்டிருப்பதைக் காட்டியது. போரின் காயம் போத்தல் வழியாக அடுத்த தலைமுறைக்கு இறங்குகிறது. ஆனால் இதிலிருந்து கூட்டம் வேண்டாம் என்ற முடிவு வராது. யாழ் மருத்துவ பீடத்தில் மனநல மருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம், போர் தனிமனிதர்களை மட்டுமன்றி அவர்களைப் பிணைத்திருந்த சமூகத்தையே காயப்படுத்தியது என்றும், மீட்பும் குடும்பம், சமூகம் என்ற மட்டத்தில் நடக்க வேண்டும் என்றும் நெடுங்காலமாக எழுதிவந்தார். அறுந்த பிணைப்பை ஓர் அறைக்குள் மீண்டும் கட்டுவது அந்த வேலையின் ஒரு பகுதிதான்.

பார்களை மூடினால் போதும் என்பவர்களின் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக் கூடாது, விளம்பரம் செய்யக் கூடாது என்று 2006இன் 27ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. அதை இறுக்கி நடைமுறைப்படுத்த வேண்டும். குடிமனைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அருகில் புதிய அனுமதிப்பத்திரம் கொடுப்பதை எதிர்க்கவும் வேண்டும். இவை இன்னும் குடிக்கத் தொடங்காத பிள்ளையைக் காப்பாற்றும். ஏற்கெனவே நோயாளியாகிவிட்டவருக்குப் பார் மூடியிருந்தால் கசிப்பு இருக்கிறது. போயா நாளில் கடை பூட்டியிருப்பதால் யாரும் குணமடைந்துவிடவில்லை. பார் வாசலில் தட்டி பிடிப்பவர்களும் அறைக்குள் கதிரை போடுபவர்களும் ஒரே வேலையின் இரு பாதியைச் செய்கிறவர்கள். ஹெரோயினும் ஐஸும் தலைப்புச் செய்தியான பிறகு சாராயத்தைப் பற்றிய கவலை பின்னுக்குப் போய்விட்டதும் ஒரு தவறு. அதிகமான வீடுகளை அழிப்பது இன்னும் சட்டப்படி விற்கிற போத்தல்தான்.

வீட்டில் இருப்பவர்கள்

குடிப்பவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் குடியோடு வாழ்கிறவர் விடுபட்டுப்போவார். போத்தலை ஒளிப்பதும், வேலைத்தலத்துக்குப் பொய் சொல்லி லீவு கேட்பதும், கடன்காரருக்கு முகம் கொடுப்பதும், பிள்ளைகளை அயல்வீட்டுக்கு அனுப்புவதும் அவருடைய அன்றாடம். பில் வில்சனின் மனைவி லோயிஸும் ஆன் என்ற இன்னொரு பெண்ணும் 1951இல் குடும்பத்தவர்களுக்கெனத் தனியாக அல்-அனோன் குழுக்களை உருவாக்கியது இதனால்தான். கணவர் குடியை விடாவிட்டாலும் மனைவி அங்கே போகலாம். அவருடைய குடிக்குத் தான் காரணமல்ல என்பதையும், அவரைத் தன்னால் கட்டிப்போட முடியாது என்பதையும், தன் வாழ்க்கையையும் பிள்ளைகளையும் எப்படிக் காப்பது என்பதையும் மற்றப் பெண்களிடமிருந்து அறியலாம். எங்கள் மாதர் சங்கங்கள் தையலும் சேமிப்பும் பேசுகிற நேரத்தில் ஒரு மணித்தியாலத்தை இதற்கு ஒதுக்குவது பெரிய காரியமல்ல. குடிக்கிற பெண்களும் எங்களிடையே இருக்கிறார்கள். தொகை குறைவு, ஆகவே மறைவு அதிகம். அவர்களுக்குப் பெண்கள் மட்டும் கூடும் இடம் வேண்டும்.

தேடுவதும் தொடங்குவதும்

கூட்டம் தேடுகிறவர் முதலில் கேட்க வேண்டிய இடம், போதனா வைத்தியசாலையின் மனநலக் கிளினிக். வீட்டிலிருந்தபடி கேட்பதானால் தேசிய மனநல உதவி இலக்கமான 1926 இருக்கிறது. கூட்டம் திறந்ததா மூடியதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். திறந்த கூட்டத்துக்கு மனைவியோ நண்பரோ துணைக்குப் போகலாம், மூடியது குடியை விட விரும்புபவர்களுக்கு மட்டும். முதல் நாளில் பேச வேண்டியதில்லை. முதல் கூட்டம் பிடிக்காவிட்டால் அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல் ஐந்தாறு முறை போய்ப் பார்க்க வேண்டும். வேறு குழு இருந்தால் அதையும் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் 90 நாளில் 90 கூட்டம் என்று பழைய அங்கத்தவர்கள் சொல்வதுண்டு. நேரில் அவ்வளவு கூட்டம் இல்லாத இடத்தில் வாரம் ஒன்று நேரிலும் மற்றவை கைத்தொலைபேசியிலும் என்று அமைத்துக்கொள்ளலாம்.

பக்கத்தில் கூட்டம் இல்லாத ஊரில் ஒன்றைத் தொடங்க எத்தனை பேர் வேண்டும்? இரண்டு பேர் போதும். குடியிலிருந்து விலகியிருப்பதற்காக இரண்டு, மூன்று குடிநோயாளிகள் கூடினால் அது ஒரு குழு என்பது ஏ.ஏ.யின் மரபு. கொக்குவிலுக்கு இது கைக்கெட்டாத விடயமல்ல. யாழ் மருத்துவ பீடம் ஆடியபாதம் வீதியில், இந்த ஊரிலேயே இருக்கிறது. வாசிகசாலைகளும் சனசமூக நிலையங்களும் இருக்கின்றன. சுருட்டுக் கொட்டில்களில் ஒருவர் பத்திரிகை வாசிக்க மற்றவர்கள் சுருட்டுச் சுற்றியபடி கேட்டிருந்த பழக்கமும் இந்தப் பக்கத்துக்கு உரியது. ஓர் அறையில் இருந்து ஒருவர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்பது இங்கே புதிதல்ல. மருத்துவ பீடமும் வைத்தியசாலையும் செய்ய வேண்டியது நோயாளியைக் கைபிடித்துக் கூட்டத்து வாசல்வரை கொண்டுவருவது. நிலையங்கள் செய்ய வேண்டியது வாரத்தில் ஒரு பின்னேரம் அறையைத் திறந்து, திறப்பைக் கொடுத்துவிட்டு விலகி நிற்பது.

விலகி நிற்பதுதான் எங்களுக்குக் கடினம். நல்ல காரியம் என்றால் பிரதம விருந்தினர் வேண்டும், மங்கல விளக்கு வேண்டும், பொன்னாடை வேண்டும், மறுநாள் பத்திரிகையில் படம் வேண்டும், முகநூலில் நேரலை வேண்டும். இவற்றில் ஒன்று நடந்தாலும் அந்தக் கூட்டம் அன்றே முடிந்துவிடும்; படம் எடுக்கிற அறைக்குள் எந்தக் குடிநோயாளியும் வரமாட்டார். நிர்வாகசபை உறுப்பினர் உள்ளே இருந்து கணக்கெடுக்கக் கூடாது. வெளிநாட்டிலிருந்து வரும் காசுக்கும் இங்கே வேலையில்லை. கட்டடம் கட்டித் தருகிறோம் என்பவர்களுக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டு, கதிரையும் கூரையும் உள்ள அறை போதும் என்று சொல்ல வேண்டும். அறைக்கான சிறு வாடகையைக் கூடுகிறவர்களே தட்டில் சேர்த்துக் கொடுக்கட்டும். அது அவர்களுடைய மானம்.

கொக்குவிலின் நிலையங்களை நடத்துகிறவர்களிடம் கேட்பது இவ்வளவுதான். கிழமையில் ஒரு நாள், ஒரு மணித்தியாலம், ஓர் அறை, படம் இல்லை, பெயர்ப் பதிவு இல்லை. அடுத்த நிர்வாகசபைக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாக எடுங்கள். குடியோடு போராடிக்கொண்டு இதை வாசிக்கிறவருக்கு ஒரு வார்த்தை: நீங்கள் 25 நாள் நிறுத்திக் காட்டியவர், உங்களிடம் குறையாக இருந்தது உறுதியல்ல, துணை. உடம்பு நடுங்கும் நிலையில் இருந்தால் முதலில் வைத்தியரிடம் போங்கள். அங்கிருந்து வெளியே வரும் முன் அடுத்த கூட்டம் எங்கே, எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.